ஸ்டெம் செல்லில் வளர்த்த ரத்தக் குழாய்: டயாலிசிஸ் கைக்கு வருமா?

வாசகர் கேள்வி, 9 பிப்ரவரி 2025

அப்பாவுக்கு 58 வயது, சர்க்கரை உண்டு. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இடது மணிக்கட்டில் போட்ட பிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி ஏற்றத் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைப்பது) நாலே மாதத்தில் அடைத்துக்கொண்டது. முழங்கைப் பக்கம் போட்டதும் இப்போது ஓடவில்லை. கழுத்துச் சிரையில் பெர்ம்கேத் என்ற குழாய் வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறோம். மனித ஸ்டெம் செல்லில் இருந்து ரத்தக் குழாயையே வளர்த்துவிட்டார்கள் என்று ஒரு வீடியோ பார்த்தேன். ஒரு கிளினிக்கில் விசாரித்தால், "கையில ஸ்டெம் செல் ஊசி போட்டா புது நரம்பு வளரும், மூணு டோஸ்" என்கிறார்கள். சில லட்சம் ஆகுமாம். நிலத்தை அடமானம் வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

9 பிப்ரவரி, இரவு

நிலத்தை அடமானம் வைக்க வேண்டாம். மற்றதெல்லாம் பிறகு.

நான் டயாலிசிஸ் டெக்னீசியன். உங்கள் அப்பா நிலையில் இருப்பவர்களை அன்றாடம் பார்க்கிறேன். சிறுநீரகம் போனவரை மெஷின் பல வருஷம் காப்பாற்றிவிடும். மெஷினுக்கு ரத்தம் எடுக்க உடம்பில் வழி தீர்ந்துபோவதுதான் ஆளைச் சாய்க்கிறது. ரத்தக் குழாய் வளர்ப்பு பற்றி எது வந்தாலும் விடாமல் நான் படிப்பதற்கு அதுதான் காரணம்.

ஆய்வகத்தில் வளர்த்தது உண்மை. அந்தக் கிளினிக் விற்பது அதை இல்லை. நாளை காலை ஷிப்ட், முடித்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

10 பிப்ரவரி, பிற்பகல்

வீடியோக்களில் சுற்றும் கதையின் தொடக்கம் 2002. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லாங்கர் ஆய்வகத்தில் ஷுலாமித் லெவன்பெர்க் என்ற ஆராய்ச்சியாளர், இஸ்ரேலின் டெக்னியான் பல்கலைக்கழக விஞ்ஞானிகளோடு சேர்ந்து செய்தது. மனிதக் கருவின் ஸ்டெம் செல்களை, அதாவது எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய செல்களை, சின்னச் சின்ன உருண்டைகளாகத் திரள விட்டார்கள். அந்த உருண்டைகளுக்குள் எல்லா வகைச் செல்லும் தானாக முளைக்கும். இரண்டு வாரம் ஆகும்போது, ரத்தக் குழாயின் உள்சுவரில் இருக்கும் எண்டோதீலியல் செல்களும் அதில் தலைகாட்டின. மொத்தத்தில் 2 சதவீதம்தான். அவற்றின் மேல்பரப்பில் இருக்கும் ஒரு புரதத்தை அடையாளமாக வைத்துப் பிரித்தெடுத்தார்கள். ஜெல்லில் வைத்தபோது அந்தச் செல்கள் ஒன்றோடொன்று கோத்துக் குழல் குழலாக நின்றன. நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாத எலிக்குள் வைத்தபோது நுண்குழாய்கள் உருவாயின, சிலவற்றுக்குள் எலியின் ரத்த அணுக்களே இருந்தன.

மனித ஸ்டெம் செல்லை ஆய்வகத்தில் வளர்க்கவே ஜேம்ஸ் தாம்சன் அமெரிக்காவின் விஸ்கான்சினில் 1998இல்தான் வழி கண்டார். நாலு வருஷத்தில் இது. படிக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆனால் அளவைப் பாருங்கள். அவர்கள் வளர்த்தது நுண்குழாய். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு அளவுக்குத்தான் அதன் விட்டம். டயாலிசிஸுக்குக் கையில் நாங்கள் ஏற்றுகிற ஊசியே ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன். நிமிஷத்துக்கு 300 மில்லி ரத்தம் ஒரு ஊசி வழியாக வெளியே வந்து இன்னொரு ஊசி வழியாக உள்ளே போக வேண்டும். அதற்குக் குழாய் 6 மில்லிமீட்டராவது வேண்டும்.

10 பிப்ரவரி, இரவு

நுண்குழாய் என்றால் மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். ரத்தக் குழாயில் இருந்து 100, 200 மைக்ரோமீட்டருக்கு (0.1, 0.2 மில்லிமீட்டர்) அப்பால் ஒரு செல் இருந்தால் அதற்கு ஆக்சிஜன் போய்ச் சேராது, செத்துவிடும். ஆய்வகத்தில் ஈரல் துண்டு, இதயத் தசை, சிறுநீரகம் எது வளர்த்தாலும் நடுப்பகுதி அழுகிப்போவது இதனால்தான். நுண்குழாய் ஓடாமல் எந்த உறுப்பையும் வளர்க்க முடியாது. லெவன்பெர்க் அடுத்த வேலையாகத் தசைக்குள் குழாயை ஓட விட்டதும் அதை மனதில் வைத்துத்தான்.

12 பிப்ரவரி

கீழே ஒருவர் கேட்டிருக்கிறார்: "எண்டோதீலியல் செல் இருந்தால் போதாதா, அதுதானே குழாய்?"

போதாது. 2004இல் ராகேஷ் ஜெயின் குழு ஹார்வர்டில் ஒரு சோதனை செய்தது. எண்டோதீலியல் செல்லை மட்டும் எலிக்குள் வைத்தார்கள். குழாய் உண்டானது, இரண்டு மாதத்துக்குள் காணாமல் போனது. அதே செல்லோடு, குழாயை வெளியில் இருந்து கட்டிப்பிடிக்கிற துணைச் செல்லையும் சேர்த்து வைத்தார்கள். ஒரு வருஷம் நின்றது. உள்சுவர் மட்டும் இருந்தால் குழாய் சுருங்கிக் கரைந்துவிடுகிறது. வெளியில் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். பெரிய குழாய் என்றால் இன்னும் அதிகம் வேண்டும்: சுருங்கி விரிகிற தசைச் செல், கொலாஜன், எலாஸ்டின் என்ற புரத நார்கள். இதயம் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் வருகிற அழுத்தத்தைத் தாங்குவது இந்த வெளிச்சுவர்தான்.

12 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

கேள்வி கேட்ட தம்பிக்கு: அப்பாவின் வலது கையில் யாரும் ஊசி குத்தாமல் பார்த்துக்கொள்கிறீர்களா? ரத்தப் பரிசோதனைக்கு, குளுக்கோஸ் ஏற்ற, எதற்கும் முழங்கை மடிப்பில் எடுக்க விடாதீர்கள். புறங்கையில் எடுக்கச் சொல்லுங்கள். பி.பி. பார்ப்பதும் அடுத்த பிஸ்டுலாவுக்கு வைத்திருக்கும் கையில் வேண்டாம். வார்டில் அவசரத்தில் மறந்துவிடுவார்கள், நீங்கள் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும். இந்த இழையில் நான் எழுதப்போகும் அறிவியல் எல்லாவற்றையும் விட உடனே பயன்படுவது இதுதான்.

15 பிப்ரவரி

பெரிய குழாயின் கதைக்கு வருகிறேன். இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி, நீளமாகப் போகும்.

லாரா நிக்லசன் ஒரு மயக்க மருந்து மருத்துவர். பைபாஸ் ஆபரேஷனில் காலில் இருந்து நரம்பு, அதாவது சிரை, எடுக்க வெட்டிக்கொண்டே போவார்கள், நல்ல குழாய் கிடைக்காத நோயாளியும் உண்டு. இவர் குழாயை வெளியில் வளர்க்க முடியுமா என்று இறங்கினார். 1999இல் பன்றியின் தசைச் செல்களை வைத்து முதல் வெற்றி. கரைந்துபோகிற ஒரு நூல் வலையைக் குழாய் வடிவத்தில் செய்து, அதில் செல்களை ஊன்றி, ஊட்டத் திரவத்தில் வைத்தார். திரவத்தைச் சும்மா தேங்க விடவில்லை, நிமிஷத்துக்கு 165 முறை துடிக்க விட்டார். கருவில் இருக்கும் குழந்தையின் இதயத் துடிப்பை ஒட்டிய வேகம் அது. துடிப்பு இருந்தால்தான் தசைச் செல் கொலாஜனை நெய்கிறது, சுவர் கெட்டிப்படுகிறது. எட்டு வாரத்தில் நூல் கரைய, செல்கள் நெய்த குழாய் மிஞ்சியது.

2004இல் ஹியூமசைட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே இன்னொரு முடிவு எடுத்தார்கள். மனிதச் செல்லை வைத்துக் குழாயை வளர்த்து முடித்ததும், செல்களை எல்லாம் கழுவி எடுத்துவிடுவது. மிஞ்சுவது வெறும் கொலாஜன் சுவர். உயிர்ச் செல் இல்லாததால் பொருத்திக்கொள்பவரின் உடம்பு அதை அந்நியனாகத் தாக்காது, அலமாரியில் எடுத்து வைக்கலாம், யாருக்கு வேண்டுமானாலும் பொருத்தலாம். 6 மில்லிமீட்டர் விட்டம், 42 சென்டிமீட்டர் நீளம்.

இதை முதன்முதலில் மனிதருக்குப் பொருத்தியது எதற்குத் தெரியுமா? டயாலிசிஸ் கைக்குத்தான். போலந்தில், 2012 டிசம்பரில். அடுத்த ஜூனில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில்.

முதல் 60 பேரின் விவரம் 2016இல் வெளியானது. ஒரு வருஷம் கழித்து எந்தச் சிகிச்சையும் தேவைப்படாமல் திறந்திருந்த குழாய்கள் 28 சதவீதம். நடுவில் அடைப்பெடுத்து, உள்ளே பலூன் விட்டு விரித்து, எப்படியோ ஓடிக்கொண்டிருந்தவற்றைச் சேர்த்தால் 89 சதவீதம். இரண்டு எண்ணையும் சேர்த்தே படிக்க வேண்டும். 89ஐ மட்டும் சொல்பவர் விற்க வந்தவர். 28ஐ மட்டும் சொல்பவருக்கு டயாலிசிஸ் யூனிட் தெரியாது. எங்களிடம் வருகிற பிளாஸ்டிக் கிராஃப்டுகளும் (பிஸ்டுலாவுக்குப் பதில் கையில் தைக்கும் செயற்கைக் குழாய்) அடைப்பெடுத்து அடைப்பெடுத்துத்தான் ஓடுகின்றன.

16 பிப்ரவரி

நேற்று எழுதியதில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும், பலர் அதையே கேட்கிறீர்கள். ஹியூமசைட் குழாய் ஸ்டெம் செல்லில் வளர்த்தது கிடையாது. உறுப்பு தானம் செய்தவர்களின் பெருந்தமனியில் இருந்து எடுத்த தசைச் செல்லில் வளர்த்தது. செய்திகளில் எல்லாவற்றுக்கும் ஸ்டெம் செல் என்று தலைப்புப் போட்டுவிடுகிறார்கள்.

ஸ்டெம் செல்லில் இருந்தே பெரிய குழாய் வளர்க்கும் வேலையும் நடக்கிறது. ஷின்யா யமனாக்கா 2007இல் மனிதத் தோல் செல்லையே பின்னோக்கித் திருப்பி ஸ்டெம் செல் ஆக்கிக் காட்டினார், 2012இல் நோபல் பரிசு. அப்படித் திருப்பிய செல்லுக்கு ஐ.பி.எஸ். செல் என்று பெயர். அதில் இருந்து தசைச் செல் செய்து, நிக்லசன் முறையிலேயே துடிப்புக் கொடுத்து, யேல் பல்கலைக்கழகத்தில் யீபிங் சியாங் குழு குழாய் வளர்த்தது. 2020இல் வெளியான அவர்களின் குழாய், பைபாஸுக்கு எடுக்கும் கால் நரம்புக்குச் சமமான அழுத்தத்தைத் தாங்கியது. பொருத்திப் பார்த்தது எலியில். மனிதருக்கு இன்னும் தூரம் இருக்கிறது.

19 பிப்ரவரி, அதிகாலை

தூக்கம் வரவில்லை, ஒரு கட்டுரையைத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

பிளாஸ்டிக் கிராஃப்டில் ஊசி ஏற்றியவர்களுக்குத் தெரியும். தோலைத் தாண்டியதும் கைக்கு ஒரு கெட்டியான தடுப்பு தட்டும், அழுத்தினால் சட்டென்று விட்டு உள்ளே போகும். எடுத்த பிறகு பஞ்சை வைத்துப் பத்து நிமிஷம் அழுத்திப் பிடிக்கிறோம். ரத்தம் நின்றுவிடும், ஆனால் பிளாஸ்டிக்கில் விழுந்த ஓட்டை ஓட்டைதான். அது ஆறாது. சுற்றி இருக்கும் தசை அடைத்துக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் அந்த இடம் சல்லடை ஆகிவிடும். அதனால்தான் நாங்கள் இடம் மாற்றி மாற்றிக் குத்துகிறோம். நோயாளிகள் "அங்கேயே குத்துங்க சிஸ்டர், அங்கதான் வலிக்கல" என்பார்கள். கேட்கக் கூடாது.

ஹியூமசைட் குழாய் போட்டவர்களில் 13 பேரிடம், வேறு காரணத்துக்காக ஆபரேஷன் செய்தபோது கிடைத்த துண்டுகளை ஆராய்ந்து 2019இல் எழுதினார்கள். பொருத்தி 16 வாரம் ஆனதில் இருந்து 200 வாரம் ஆனது வரை. செல்லே இல்லாமல் கழுவி வைத்த அந்தச் சுவருக்குள் நோயாளியின் சொந்தத் தசைச் செல்கள் குடியேறி இருந்தன. உள்பக்கம் எண்டோதீலியல் செல்கள் படர்ந்திருந்தன. ஊசி குத்திய ஓட்டைகள் ஆறியிருந்தன.

இந்த ஒரு வரிக்காகவே நான் இந்தத் துறையைத் தொடர்கிறேன். குத்தின இடம் ஆறுகிற குழாய்.

19 பிப்ரவரி, மதியம்

மேலே சொன்னது தனிப்பட்ட ஒரு நிறுவனத்தின் விசேஷம் இல்லை. ஜப்பானில் டோஷிஹாரு ஷினோகா 1999 மே மாதம் நாலு வயதுச் சிறுமி ஒருத்திக்கு இதயத்தில் இருந்து நுரையீரலுக்குப் போகும் குழாய் ஒன்றைப் பொருத்தினார். கரையும் வலையில் அவளுடைய செல்லையே ஊன்றி வளர்த்தது. பிறகு எலும்பு மஜ்ஜைச் செல்லை ஊன்றி, பிறவி இதயக் கோளாறு உள்ள பிள்ளைகளுக்குப் பொருத்தினார். மஜ்ஜையில் உள்ள ஸ்டெம் செல்தான் குழாயாக மாறுகிறது என்று எல்லாரும் நம்பினார்கள். 2010இல் கிறிஸ்டோபர் பிரூயர் குழு, ஷினோகாவும் அதில் உண்டு, எலியில் பின்தொடர்ந்து பார்த்தது. ஊன்றிய மனிதச் செல்கள் சில நாட்களிலேயே போய்விட்டன. போவதற்கு முன் அவை விட்ட ரசாயனச் சமிக்ஞை எலியின் வெள்ளணுக்களை வரவழைத்தது, வந்த வெள்ளணுக்கள் பக்கத்துக் குழாயின் செல்களை உள்ளே இழுத்தன. குழாயைக் கட்டியது எலியின் சொந்த உடம்பு.

நான் இதில் இருந்து எடுத்துக்கொள்வது: நாம் வைக்கிற செல் தங்குவது குறைவு. தங்கி வேலை செய்வது நோயாளியின் உடம்புச் செல். அப்படியானால் சர்க்கரையில் பத்து வருஷம் ஊறிய உடம்பு எப்படிக் கட்டும் என்ற கேள்வி வருகிறது. அதற்கு அடுத்த குறிப்பில் வருகிறேன்.

22 பிப்ரவரி

வியன்னாவில் ரைனர் விம்மர், யோசெப் பென்னிங்கர் குழு 2019இல் ஸ்டெம் செல்லில் இருந்து ரத்தக் குழாய் ஆர்கனாய்டு (உறுப்பின் சின்ன மாதிரி) வளர்த்தது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உருண்டை. உள்ளே எண்டோதீலியல் செல், அதைப் பிடித்திருக்கும் பெரிசைட், இரண்டையும் சுற்றிய மெல்லிய சவ்வு, எல்லாம் தானாக அமைந்தது. எலியின் சிறுநீரக உறைக்கு அடியில் வைத்தார்கள். எலியின் ரத்த ஓட்டத்தோடு இணைந்து, தமனி, சிரை, நுண்குழாய் எனப் பிரிந்து வளர்ந்தது.

பிறகு அதே உருண்டைகளைச் சர்க்கரை அதிகமான திரவத்தில், வீக்கத்தை உண்டாக்கும் புரதங்களோடு வைத்தார்கள். குழாயைச் சுற்றிய சவ்வு தடித்தது. சர்க்கரை நோயாளிகளின் தோலை எடுத்துப் பார்த்தால் அங்கேயும் அதே தடிப்பு. சவ்வு தடித்தால் ஆக்சிஜனும் ஊட்டமும் வெளியே போவது குறையும். கால் புண் ஆறாதது, கண் போவது, சிறுநீரகம் போவது எல்லாவற்றிலும் இந்தச் சேதத்துக்குப் பங்கு உண்டு. எந்தச் சமிக்ஞை வழியாகத் தடிக்கிறது என்பதையும் கண்டுபிடித்து, அதைத் தடுக்கும் ஒரு மருந்தை ஆர்கனாய்டில் போட்டபோது தடிப்பு குறைந்தது.

ஸ்டெம் செல்லில் வளர்த்த குழாய் நம் நோயாளிகளுக்கு முதலில் உதவப்போவது இந்த வழியில்தான் என்று எனக்குப் படுகிறது. உடம்பில் பொருத்தும் உதிரிப்பாகமாக வருவதற்கு முன்பே, மருந்து சோதிக்கும் களமாக வந்துவிடும். 2020இல் கொரோனா வைரஸ் மனித ரத்தக் குழாய்ச் செல்லைத் தொற்றுமா என்று பார்க்க இதே உருண்டைகளைத்தான் எடுத்தார்கள். தொற்றியது.

23 பிப்ரவரி

"இந்தியாவிலேயே அரசு அனுமதி பெற்ற ஸ்டெம் செல் ஊசி இருக்கிறதே, நீங்கள் ஏன் எல்லாவற்றையும் தடுக்கிறீர்கள்" என்று ஒருவர் கொஞ்சம் கோபமாகவே எழுதியிருக்கிறார்.

இருக்கிறது. பெங்களூரு ஸ்டெம்ப்யூடிக்ஸ் நிறுவனத்தின் ஸ்டெம்ப்யூசெல். தானம் தந்தவர்களின் எலும்பு மஜ்ஜையில் இருந்து வளர்த்த செல். பர்ஜர் நோய்க்கு 2016இல் வரையறைக்கு உட்பட்ட அனுமதி கிடைத்தது. பர்ஜர் நோய் என்றால் பீடி, சிகரெட் பிடிக்கும் நடுவயது ஆண்களுக்குக் கால் குழாய்கள் அடைத்து விரல் கருத்துப்போவது. ஊசியை ஆடுதசையில் பல இடத்தில் போடுகிறார்கள். பட்டினி கிடக்கும் தசைக்குள் நுண்குழாய்கள் கிளைக்கத் தூண்டுவது நோக்கம். அது கால் காக்கும் மருந்து. அதை யாரும் டயாலிசிஸ் கையில் போட்டு 6 மில்லிமீட்டர் குழாய் வளர்த்தது கிடையாது.

ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதலைப் படித்துப் பாருங்கள். ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று தவிர, மற்ற எந்த ஸ்டெம் செல் பயன்பாடும் அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வாக மட்டுமே நடக்கலாம், அதற்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. மருத்துவ ஆய்வுகளைப் பதிவு செய்யும் இந்தியப் பதிவேட்டுக்கு சி.டி.ஆர்.ஐ. என்று பெயர். உங்கள் கிளினிக்கிடம் கேட்க வேண்டியது: "எந்த ஆய்வு? சி.டி.ஆர்.ஐ. பதிவு எண் என்ன? எங்களிடம் ஏன் காசு கேட்கிறீர்கள்?" எண் தந்தால் இங்கே போடுங்கள், எல்லாரும் சேர்ந்து பார்ப்போம்.

23 பிப்ரவரி, இரவு

எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று கேட்டால் சொல்கிறேன். எங்கள் யூனிட்டுக்கு வந்துகொண்டிருந்த ஒரு ஆட்டோ ஓட்டுநர், மனைவியின் நகையை விற்று ஒரு இடத்தில் ஊசி போட்டுக்கொண்டு வந்தார். முன்கை முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கன்றியிருந்தது. அடுத்த பிஸ்டுலாவுக்கு என்று சர்ஜன் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்த நரம்பின் மேலேயே குத்தியிருந்தார்கள். தொட்டுப் பார்த்தேன், கயிறு மாதிரி விறைத்துக் கிடந்தது. காசும் போய், இருந்த ஒரு நரம்பும் போய். அவர் என்னிடம், "ஆறு மாசத்துல வளரும்னாங்க சிஸ்டர்" என்றார். என்ன பதில் சொல்வது?

26 பிப்ரவரி

"ஆனால் ஊசி போட்டவர்கள் நன்றாக இருப்பதாக வீடியோவில் சொல்கிறார்களே?"

நெதர்லாந்தில் 160 பேரை வைத்து ஒரு ஆய்வு, பெயர் ஜுவென்டாஸ், 2015இல் முடிவு வந்தது. கால் குழாய் அடைத்து, வேறு சிகிச்சைக்கு வழியில்லாதவர்கள். எல்லாரிடமும் மஜ்ஜை எடுத்தார்கள். பாதிப் பேருக்குத் தொடைத் தமனியில் அவர்களுடைய மஜ்ஜைச் செல், மீதிப் பேருக்குப் பார்க்க அதே நிறத்தில் இருக்கும் வெறும் கரைசல். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஆறு மாதத்தில் கால் எடுக்க நேர்ந்தவர்கள்: செல் போட்டவர்களில் 19 சதவீதம், வெறும் கரைசல் போட்டவர்களில் 13 சதவீதம். புள்ளியியல்படி வித்தியாசம் இல்லை. கவனிக்க வேண்டியது, வலி குறைந்தது, நன்றாக இருக்கிறது என்று இரண்டு கூட்டமும் சொன்னது. அந்த வீடியோக்காரர்கள் பொய் சொல்லவில்லை. வெறும் கரைசல் போட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

2 மார்ச்

ஹியூமசைட் குழாய் இப்போது எங்கே நிற்கிறது என்று கேட்டவர்களுக்கு.

2024 டிசம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது, சிம்வெஸ் என்ற பெயரில். டயாலிசிஸுக்கு அல்ல. கை கால் குழாய் அறுந்து, உடனே ஓட்டம் கொடுக்காவிட்டால் உறுப்பை எடுக்க வேண்டும் என்ற நிலையில், சொந்த நரம்பு எடுக்க முடியாதவர்களுக்கு. உக்ரைன் போரில் காயம்பட்டவர்களுக்கும் இதை உதவியாக அனுப்பிப் பொருத்தினார்கள். அனுமதிக்கு அடிப்படையான ஆய்வில் 54 பேர். 30 நாளில் தடையில்லாமல் திறந்திருந்தது 67 சதவீதம். சுவர் கிழிந்தோ தையல் விட்டோ உயிருக்கு ஆபத்தான ரத்தப்போக்கு வரலாம் என்று கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கையோடுதான் வருகிறது. 2025 தொடக்கத்தில் அறிவித்த விலை ஒரு குழாய்க்கு 29,500 டாலர்.

டயாலிசிஸுக்கான பெரிய ஆய்வு தனியாக நடந்தது, 242 பேர். சாதாரணப் பிஸ்டுலாவோடு நேருக்கு நேர் ஒப்பிட்டது. 2024 அக்டோபரில் வெளியான முடிவில் ஆறாம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும் ஆய்வகக் குழாய் முந்தியிருக்கிறது. பெண்களுக்குப் பலன் கூடுதல். எனக்கு ஆச்சரியம் இல்லை. பெண்களின் நரம்பு மெல்லிசு, பிஸ்டுலா தேறாமல் போவது அவர்களுக்குத்தான் அதிகம்.

இங்கே எப்போது வரும்? இந்த விலையில் நம் அரசு காப்பீட்டில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஆளுக்கு எட்டாது. மனசு கனக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

2 மார்ச், இரவு

பிஸ்டுலாவைப் பழசு என்று யாரும் குறைத்துப் பேச வேண்டாம். 1966இல் நியூயார்க் பிராங்க்ஸ் மருத்துவமனையில் பிரெஸியா, சிமினோ, அப்பெல் முதலியோர் எழுதிய முறை. தமனியையும் சிரையையும் பக்கத்தில் வைத்துத் தைத்துவிட்டால், அழுத்தம் பாய்ந்து சிரை தானாகப் பருத்துச் சுவர் தடிக்கிறது. ஆறு வாரத்தில் ஊசி தாங்கும் குழாயாக அதை ஆக்குவது நோயாளியின் உடம்பே. நல்ல பிஸ்டுலாவின் மேல் விரலை வைத்தால், மடியில் படுத்த பூனை உறுமுவது போல ஒரு அதிர்வு ஓடிக்கொண்டே இருக்கும். தினமும் காலையில் அப்படித் தொட்டுப் பார்க்கச் சொல்லித்தான் எல்லாருக்கும் சொல்லித் தருகிறேன். அதிர்வு நின்றால் அன்றே ஓடி வர வேண்டும். உடனே வந்தால் பல நேரம் உறைந்த ரத்தக் கட்டியை எடுத்துக் காப்பாற்றிவிடலாம்.

6 மார்ச்

அடைப்பு ஏன் வருகிறது என்பதற்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. தைத்த இடத்துக்குச் சற்று மேலே, தமனியின் வேகத்தில் ரத்தம் சிரைச் சுவரில் மோதிச் சுழலும். சுவரின் தசைச் செல்கள் காயம் என்று எடுத்துக்கொண்டு பெருகி உள்பக்கம் தடித்துவிடும். ஆய்வகக் குழாயிலும் அது சிரையோடு சேரும் முனையில் இதே தொல்லைதான். குழாய் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மூட்டு மூட்டுதான்.

அதனால் தம்பி, முழங்கைப் பிஸ்டுலா "ஓடவில்லை" என்று விட்டுவிடாமல் டாப்ளர் (ரத்த ஓட்டம் பார்க்கும் ஸ்கேன்) எடுத்தீர்களா? குறுகல் எங்கே என்று தெரிந்தால் பலூன் போட்டுத் திறக்க வாய்ப்பு உண்டு. முடியாவிட்டால் மேல்கையில் உள்பக்கம் ஆழத்தில் பேசிலிக் நரம்பு இருக்கும், யாரும் ஊசி குத்தாத இடம். அதை மேலே தூக்கித் தைப்பார்கள். அதுவும் இல்லை என்றால் பிளாஸ்டிக் கிராஃப்ட். இந்த வரிசையில் வாஸ்குலர் சர்ஜனிடம் கேளுங்கள். பெர்ம்கேத்தை அதிக நாள் வைத்தால் நெஞ்சுக்குள் பெரிய சிரை குறுகி, அந்தப் பக்கக் கையே பயன்படாமல் போகலாம். தாமதிக்காதீர்கள்.

11 மார்ச்

தனிச்செய்தியில் தம்பி எழுதியிருந்தார், அனுமதியோடு இங்கே சொல்கிறேன். டாப்ளரில் ஒரு இடத்தில்தான் குறுகல், பலூனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். கிளினிக்கில் பதிவு எண் கேட்டதற்கு, "டாக்டர் வந்ததும் சொல்றோம்" என்றவர்கள் பிறகு போனையே எடுக்கவில்லையாம்.

14 மார்ச்

ஐ.பி.எஸ். செல் பற்றிப் புதிதாக ஏதாவது என்று கேட்டவருக்கு: விஸ்கான்சினில் அதே ஜேம்ஸ் தாம்சனும் ஜூ ஜாங்கும் சேர்ந்த குழு 2024இல் ஒன்று வெளியிட்டது. குழாயையே வளர்க்காமல், கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் கிராஃப்டின் உள்பக்கத்தில் ஸ்டெம் செல்லில் செய்த தமனிச் செல்லை ஒட்டி, குரங்கின் தொடைத் தமனியில் பொருத்தினார்கள். மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ரத்தம் உறைந்து அடைத்துப்போவதுதான் எப்போதும் உள்ள தொல்லை. இவை ஆறு மாதம் திறந்திருந்தன. நிராகரிப்பைத் தவிர்க்க அடையாளப் புரதங்களை நீக்கிச் செய்த செல்லையும் போட்டுப் பார்த்தார்கள். ஆச்சரியம், எதுவும் நீக்காத சாதாரணச் செல்தான் நன்றாக நின்றது. பிறகு குரங்கின் சொந்தச் செல்களே உள்சுவரில் வந்து அமர்ந்தன. ஜப்பான் கதையில் பார்த்த அதே போக்கு.

எனக்கு இதில் நம்பிக்கை அதிகம். கிராஃப்ட் ஏற்கெனவே எல்லா ஊரிலும் இருக்கிறது, சர்ஜன்களுக்குத் தைக்கத் தெரியும். மாறுவது உள்பூச்சு மட்டும்.

20 மார்ச்

கர்ப்பமாக இருக்கும் ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தைக் காசு கட்டிச் சேமித்து வைத்தால், பின்னால் இப்படிக் குழாய் வளர்க்க உதவுமா, ஏஜென்ட் அப்படித்தான் சொல்கிறார் என்று. தொப்புள்கொடி ரத்தத்தில் எண்டோதீலியல் செல்லாக வளரக்கூடிய முன்னோடிச் செல்கள் இருப்பது 2004இல் இருந்து தெரிந்ததுதான், ஏஜென்ட் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஆனால் வங்கிகள் சேமிப்பது ரத்த நோய் மாற்றுச் சிகிச்சைக்கான செல்லை. இந்த இழையில் வந்த எந்தக் குழாயும், பன்றி, குரங்கு, மனிதர் எதுவானாலும், சேமித்து வைத்த தொப்புள்கொடி ரத்தத்தில் இருந்து வளர்த்தது இல்லை. நாளை யாருக்காவது ஸ்டெம் செல் தேவைப்பட்டால் கொஞ்சம் தோலோ ரத்தமோ எடுத்து ஐ.பி.எஸ். செல் செய்துகொள்ளலாம். தனியார் வங்கியில் காசு கட்டிச் சேமிப்பதை ஐ.சி.எம்.ஆரும் பரிந்துரைக்கவில்லை. வீட்டில் ரத்த நோய் உள்ள மூத்த குழந்தை இருந்தால் மட்டும் ரத்தவியல் மருத்துவரிடம் கேளுங்கள். இல்லையென்றால் கட்ட வேண்டாம்.